புள்ளடி

கொழும்பிலிருந்து கேட்டிருக்கிறார்கள்:
பட்டிருப்புத் தொகுதி ஏன் இப்படி வாக்களித்தது,
மூன்று வசனத்தில்,
வெள்ளிக்கிழமைக்குள்.

கல்லடியில் வாடகை அறை.
மின்விசிறி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சுற்றுகிறது.
திரையில் மாவட்டம் மூன்று துண்டு:
கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு.
வென்றவரின் நிறத்தை ஊற்றினால்
மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன.
நடுவில் கிடக்கும் வாவிகூடத் தெரியவில்லை.

நிறத்தை அழித்தேன்.
வராதவர்களை எடுத்துப் பார்த்தேன்.

வெல்லாவெளிப் பக்கம் ஒரு பாடசாலை,
பதிவு அறுநூற்றுப் பதினெட்டு,
வந்தது நானூற்றுச் சொச்சம்.
மிச்சப் பேருக்கு அக்கறையில்லை
என்று எழுதத் தொடங்கி
பாதியில் கிராம சேவகருக்குப் போன் எடுத்தேன்.
நவரெத்தினம் இடாப்பைத் திறக்கவேயில்லை.

'குவைத்தில எண்பதுக்குக் கிட்ட,
பொம்புளப் புள்ளையள்தான் கூட.
கொழும்புக் கடையள்ள நிக்கிற பொடியன்மாருக்கு
லீவு குடுக்கல்ல.
பூபாலப்போடி பரணால இறங்கல்ல,
முதல்நாள் ராவு யானை வந்த.
செத்த ஆக்கள் ஒம்பது, பேர் வெட்டுப்படல்ல.
இன்னும் நாலு பேர் இரிக்காங்க,
தொண்ணூறில கொண்டுபோனது.
தாய்மார் வெட்ட விடுறாங்க இல்ல.
மறுகா எடுக்கன், பாதை வந்திட்டு.'

குருமண்வெளித் துறையின் இரைச்சல்
கொஞ்சநேரம் காதில் இருந்தது.
அட்டவணையில் அந்த நாலு பேரை
எந்த நிரலில் போடுவது?
வந்தவர், வராதவர்
என்று இரண்டு நிரல்தான் தந்திருக்கிறார்கள்.

கல்முனை இதைவிடச் சிக்கல்.
பெட்டிகளை மேசையில் கொட்டி
ஒன்றோடொன்று கலந்துவிட்டுத்தான் எண்ணுவார்கள்.
எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று
எவருக்கும் தெரியக்கூடாது.
அன்றிரவே தொலைக்காட்சியில் ஒருவர்
தெருவைச் சொன்னார்.
சாதி, சமயம் சொன்னார்.
அம்பு வரைந்து காட்டினார்.
டை கட்டியிருந்தார்.

சித்தி நளீமா டீச்சர் எண்ணப் போனவர்.
யாருக்கு எத்தனை என்று வாய் திறக்கமாட்டார்.
நிராகரித்த வாக்கு ஒன்றைப் பற்றி மட்டும்
இரண்டாம்தரம் தேத்தண்ணி ஊற்றும்போது சொன்னார்.
ஒருவருக்குப் புள்ளடி.
அதற்கு மூன்று பெயர் கீழே, இன்னொருவருக்கு,
கொப்பி எழுத்துப்போல வடிவாக, 2.

'புள்ளடி போட்டா இலக்கம் போடப்படாது,
இலக்கம் போட்டா புள்ளடி கூடாது.
சட்டம் அப்பிடி. ஒதுக்கின.
ஆனா அந்த மனிசனுக்கு ரெண்டு மனம் இரிந்திரிக்கி,
ரெண்டையும் மறைக்காம எழுதிட்டார்.
மத்த எல்லாரும் ஒண்டை மறைச்சிட்டுப் போட்டவங்கதானே?'

நானும் மறைத்துத்தான் போட்டேன்.
வரிசையில் நின்ற இருபது நிமிடமும்
ஒருவரைத்தான் நினைத்திருந்தேன்.
மட்டை மறைப்புக்குள்ளே, பென்சில் நூலில் ஆடிக்கொண்டிருக்க,
கை வேறெங்கோ இறங்கியது.
கோபமா, களைப்பா, விலைவாசியா,
எனக்கு முன்னால் நின்ற கர்ப்பிணிப் பெண்
திரும்பிச் சிரித்த சிரிப்பா?
சுண்டுவிரல் நகத்தடியில் மை இன்னும் போகவில்லை.
காரணம் மட்டும் எனக்கே பிடிபடவில்லை.
நான் ஒரு தொகுதிக்குக் காரணம் எழுதுகிறேன்.

விடிய, பாலத்தடியில் வாவி வற்றிக் கிடந்தது.
சேற்றில் கொக்கோ, உள்ளானோ,
ஆயிரம் புள்ளடி.
ஒவ்வொன்றும் ஒரு மீனுக்காக எடுத்துவைத்த அடி.
சில தண்ணீர்வரை போயிருந்தன.
சில பாதியில் திரும்பியிருந்தன.
ஒரு கால் மட்டும் பதிந்திருந்த இடத்தில்
பறவை என்ன நினைத்துப் பறந்ததோ.

வியாழன் இரவே அனுப்பினேன்.
முதல் வசனத்தில் வந்தவர் தொகை.
இரண்டாவதில் வராதவர் தொகை,
நாலு பேரைக் கழிக்கவுமில்லை, கூட்டவுமில்லை,
தனியே எழுதினேன்.
மூன்றாவது:
இதற்குமேல் எனக்குத் தெரியாது.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது.
நன்றி,
வரைபடத்தில் நிறம் விடுபட்டிருக்கிறது.